புள்ளி பிசகிய ஏடு

(திண்டிவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களையும் நீக்கியிருக்கிறேன்.)



இந்த அறக்கட்டளை யார் பெயரில் நடக்கிறதோ அந்த ஐயா தமிழாசிரியர். அவர் பெயரிலான இந்த மேடையில் இதுவரை இலக்கியமும் இலக்கணமும்தான் பேசப்பட்டிருக்கின்றன. புற்றுநோயின் மரபணுவை ஆராய்கிறவனை எதற்கு அழைக்கிறீர்கள் என்று அவர் மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். "அப்பாவுக்குக் கடைசி நாலு மாசம் கஞ்சிகூட இறங்கல சார். ஏன் வந்துச்சுன்னு நாங்க யாரும் யாரையும் கேக்கல. அதையே பேசுங்க" என்றார். மறுக்கத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்காக நோயாளிகளிடம் ஒப்புதல் படிவம் வாங்கிக்கொண்டிருந்தோம். செஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர். கன்னத்தின் உள்பக்கம் கட்டி. வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காது. படிவத்தை அவர் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், 'மரபணு ஆய்வு' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "மரபுன்னு போட்டிருக்கே, இது வம்சத்துல வர்றதுங்களா? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம் சார்" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அவர் மேல் தவறில்லை. அந்தச் சொல்லை ஆக்கிக் கொடுத்த நாங்கள், அதற்குள் இருக்கும் 'மரபு' ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவில்லை.

அவருக்கு அன்று நான் சொல்லத் திணறிய பதில்தான் இன்றைய உரை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நாங்கள் படிக்கிற மரபணுப் பிழைகள் மிகப் பெரும்பாலும் தாய் தந்தையிடமிருந்து வாங்கி வந்தவை அல்ல. அந்த வாயும் அந்தக் குழாயும் தம் வாழ்நாளில் எழுதிக்கொண்டவை. அப்படி எழுதியதில் எழுத்துப் பிழையும் உண்டு, புள்ளிப் பிழையும் உண்டு. முதலாவதை ஓரளவு படித்துவிட்டோம். இரண்டாவதில் இப்போதுதான் கை வைத்திருக்கிறோம்.

1. மரபணுவில் மரபு எவ்வளவு

ஏடு பதிப்பித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது தமிழ்த்துறை மாணவர்களுக்குத் தெரியும். ஒரே நூலின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, எங்கே பாடம் மாறுகிறது என்று குறித்தார்கள். புற்றுநோய் மரபணு ஆய்வும் அதேதான். நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒரு பிரதி, கட்டியிலிருந்து ஒரு பிரதி. இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய அவர் பிறந்தபோது வாங்கிய மூலம். ஒவ்வொரு பிரதியிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். மொத்தம் நான்கே வகை எழுத்து. இரண்டையும் ஒத்துப் பார்த்து, கட்டியில் மட்டும் மாறியிருக்கும் இடங்களைக் குறிக்கிறோம். இரத்தத்தில் இல்லாமல் கட்டியில் மட்டும் இருக்கும் பிழை, பிறந்த பிறகு நேர்ந்தது. பிள்ளைக்குப் போகாது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும் டைலோசிஸ் என்ற அரிய நிலை இருக்கிறது. 1958-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர்கள் இரண்டு குடும்பங்களை ஆராய்ந்து, அவற்றில் கை கால் தடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருவதை எழுதினார்கள். ஃபான்கோனி இரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கும் வாய்ப் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடும். இவை அரியவை. இவற்றைக் காட்டி மற்ற வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

2. உதட்டிலிருந்து இரைப்பை வரை ஒரே பாய்

மருத்துவமனையில் வாய்க்கு ஒரு மருத்துவர், தொண்டைக்கு ஒருவர், உணவுக்குழாய்க்கு வேறொருவர். உடம்பு இப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை. உதட்டின் உள்பக்கம் தொடங்கி, கன்னம், நாக்கு, தொண்டை வழியாக, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீள உணவுக்குழாயின் அடி வரைக்கும் ஒரே வகைச் செதில் செல்களால் நெய்த ஒரே பாய் விரித்திருக்கிறது. மென்றது, குடித்தது, விழுங்கியது எல்லாம் அந்தப் பாயின் மேல்தான் போகிறது.

1953-ல் அமெரிக்காவில் ஸ்லாட்டர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுவைப் பார்த்தார்கள். கட்டியைச் சுற்றி, பார்வைக்கு நோயில்லாததுபோல் தெரிந்த இடத்திலும் செல்கள் மாறியிருந்தன. ஒரு செடியில் மட்டும் நோய் என்று நினைத்துப் பிடுங்கினால், வயலே நோய்ப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இன்றுவரை அதை 'வயல்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லால்தான் குறிக்கிறோம்.

பத்தாண்டு கழித்து, 1963-ல், அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று தனித்தனியாகப் பிரிக்காமல் 'மேல் உணவுப் பாதை' என்று ஒரே தலைப்பின் கீழ் வைத்து, இங்குள்ள நோயாளிகளின் பழக்கங்களை ஆராய்ந்த கட்டுரை அது. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்த நிலையத்துக்கு அப்போது வயது ஒன்பது. சாந்தா அம்மையாரை உலகம் பத்ம விருதுகளால் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் முதலில் இந்தக் கட்டுரையின் ஆசிரியர்.

அந்தத் தலைப்பு எவ்வளவு சரி என்பது 2017-ல் மரபணு வழியாக உறுதியானது. அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 164 உணவுக்குழாய்க் கட்டிகளைப் படித்தது. உணவுக்குழாயில் வரும் செதில் செல் புற்றுநோய், அதே குழாயின் அடியில் வரும் சுரப்பிவகைப் புற்றுநோயைவிட, தலை கழுத்துப் பகுதிச் செதில் செல் புற்றுநோயையே அதிகம் ஒத்திருந்தது. மேற்கு நாடுகளில் பெருகிவருவது அமிலம் மேலேறுவதோடு தொடர்புடைய சுரப்பிவகை. நம் ஊரில் வருவது பெரும்பாலும் செதில் வகை. ஆகவே உணவுக்குழாயைப் பற்றி அங்கே எழுதியதை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

வயலே நோய்ப்பட்டிருப்பது நோயாளிக்கு எப்படித் தெரிகிறது? கன்னத்துக் கட்டியை அறுத்து, கரண்டு (கதிர்வீச்சு) வைத்து, நன்றாகி வீட்டுக்குப் போனவர், நாலைந்து வருடம் கழித்துச் சோறு தொண்டையில் நிற்கிறது என்று வருகிறார். டியூப் விட்டுப் பார்த்தால் உணவுக்குழாயில் கட்டி. "பழசு திரும்பிடுச்சா டாக்டர்?" என்று கேட்கிறார். பல நேரம் பழசு திரும்புவதில்லை. அதே வயலில் இன்னொன்று முளைத்திருக்கிறது.

விழுப்புரத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரி தாங்கி நிற்கும் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அறிஞர் அண்ணா உணவுக்குழாயில் வந்த புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ல், 59 வயதில் மறைந்தார். புகையிலைப் பழக்கம் உடையவர். ஒரு மனிதரை வைத்து ஒரு காரணத்தை நிறுவ முடியாது. அறிவியலில் அது ஒழுங்குமல்ல. ஆனால் தமிழ்நாடே கூடி அழுத அந்த நாளுக்குப் பின்னும், அந்த நோயின் பெயரை நம் வீடுகளில் உரக்கச் சொல்லாமல் 'அந்த நோய்' என்றே சொல்லிவந்தோம் என்பது எனக்கு வியப்பு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கு இந்த மாவட்டத்துக்காரர்கள் இன்றும் போய்வருகிறார்கள்.

3. எழுதியது எது

வெற்றிலை மேல் எனக்குக் குறையில்லை. தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்ததில்லை. ஆனால் தாம்பூலத்தில் இருக்கும் நாலு பொருளையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே ஏற்றுக்கொண்டது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்குமேகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட தொகுதியில் சொன்னது. "நான் புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. பாக்கில் அரிக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயில் காரத்தன்மை ஏறுகிறது. பாக்கின் பொருள்கள் உடைந்து, செல்லின் டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. அரிக்கோலினும் அதன் சிதைவுப் பொருளும் கன்னத்தின் அடியில் நார் பின்னும் செல்களைத் தூண்டுகின்றன. நார் இறுகி வாய் திறக்காமல் போகும் இந்த நிலையை 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதலில் எழுதினார். அவர் பார்த்தது கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. கடல் கடந்து போனபோதும் பாக்கு கூடவே போயிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, 1933-ல், தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி லான்செட் இதழில் எழுதிவிட்டார். இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். பாக்கை எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார்களோ அங்கேதான் கட்டி வருகிறது என்பது அந்த வட்டாரத்து மருத்துவர்களுக்குக் கண்ணால் கண்ட செய்தி. அவர்களிடம் மரபணுக் கருவி எதுவும் இல்லை.

இரண்டாவது எழுதுகோல் மது. குடித்த மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது. வாயில் இருக்கும் நுண்ணுயிரிகளே ஒரு பங்கை அப்படி மாற்றிவிடுகின்றன. அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே கொன்றது மெத்தனால்; சில நாளில் கொன்றது. அதற்கு விசாரணை உண்டு, நிவாரணம் உண்டு, செய்தி உண்டு. கடையில் முத்திரையோடு விற்கும் எத்தனால் இருபது, முப்பது வருடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் அது செய்தியாவதில்லை. புகையிலையும் மதுவும் ஒரே ஆளிடம் சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2016-ல் அதே முகமை அறிவித்தது. டீக்கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். ஆற்றிக் குடித்தால் போதும்.

4. கல்யாணியில் படித்த ஏடு

2008-ல் பல நாடுகள் சேர்ந்து, ஒவ்வொரு நாடும் தன் மக்களை அதிகம் வாட்டும் புற்றுநோயை எடுத்துப் படிப்பது என்று முடிவெடுத்தன. இந்தியா எடுத்தது ஈறு-கன்னப் புற்றுநோய். நாட்டில் 2022-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட புதிய வாய்ப் புற்றுநோயாளிகள் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேர், உணவுக்குழாய்க்குச் சுமார் 70 ஆயிரம் பேர் என்னும்போது, அந்தத் தேர்வைக் குறை சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும், நவி மும்பையில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வுக் கூடமும் சேர்ந்து, பார்த்தா மஜும்தார் முதலானோர் வழிநடத்த, 50 நோயாளிகளின் கட்டியையும் இரத்தத்தையும் ஒத்துப் படித்தன. புரதம் எழுதும் பகுதியை மட்டும், முழுவதுமாக. கண்டதை இன்னும் 60 பேரிடம் சரிபார்த்தன. 2013-ல் முடிவு வெளியானது.

முடிவில் இரண்டு அடுக்கு இருந்தது. டிபி-53, நாட்ச்-1, காஸ்ப்-8, ஃபேட்-1, எச்-ராஸ் ஆகிய மரபணுக்களில் பிழை. இவை அமெரிக்க நோயாளிகளிடமும் கண்டவைதான். டிபி-53 செல்லின் காவல்காரன், டி.என்.ஏ. சேதப்பட்டால் செல் பிரிவதை நிறுத்துவது அதன் வேலை. காவல்காரனை வீழ்த்தாமல் இந்த வீட்டில் திருடன் நுழைவது அபூர்வம்.

என்னைக் கட்டிப்போட்டது இரண்டாம் அடுக்கு. ஈறு-கன்னப் புற்றுநோயில் தனியாகத் தென்பட்ட ஐந்து பெயர்கள்: யூஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, அரிட்-2, யூஎன்சி13சி, டிஆர்பிஎம்3. இவற்றில் எம்எல்எல்4-ம் அரிட்-2-ம் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது புரத உருளைகளில் நூல் சுற்றியதுபோல் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உருளைகளின் மேல் 'இங்கே பிரித்துப் படி' என்று அடையாளம் வைப்பது எம்எல்எல்4. உருளைகளைத் தள்ளி நகர்த்தி நூலைத் தளர்த்தும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு அரிட்-2. இரண்டுமே ஏட்டில் எழுதியவை பற்றியவை அல்ல. ஏட்டை எப்படிப் பிரித்து, எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதைப் பற்றியவை. எழுத்துப் பிழை தேடிப் போன ஆய்வு, படிக்கிறவனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது.

5. எழுத்துப் பிழை எல்லோரிடமும் இருக்கிறது

இதைச் சொன்னால் சிலர் பயப்படுவார்கள். 2018-ல் இங்கிலாந்தில், புற்றுநோய் இல்லாத ஒன்பது பேரின் உணவுக்குழாயைத் துளித்துளியாகப் பிரித்துப் படித்தார்கள். இருபது வயதுக்காரர் முதல் எழுபத்தைந்து வயதுக்காரர் வரை. நடுவயதைத் தாண்டியவர்களின் உணவுக்குழாயில் பெரும்பரப்பைப் பிழை உள்ள செல்களே பிடித்திருந்தன. அவர்களுக்கு நோய் இல்லை. நாட்ச்-1 பிழை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இருப்பதைவிட இவர்களின் நல்ல திசுவிலேயே அதிகமாக இருந்தது.

2021-ல் இன்னொன்று. உணவுக்குழாய்ச் செதில் செல் புற்றுநோய் மிகுதியாக உள்ள ஈரான், சீனா, கென்யா போன்ற நாடுகளையும், குறைவாக உள்ள பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளையும் சேர்த்து எட்டு நாடுகளின் 552 கட்டிகளை முழுதாகப் படித்தார்கள். எட்டில் இந்தியா இல்லை. நோய் அதிகமுள்ள ஊரில் தனியாக ஒரு பிழைக்கோலம் தெரியும், அதை வைத்து அந்த ஊரின் குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. தெரியவில்லை. எல்லா நாட்டுக் கட்டிகளிலும் பிழைக்கோலம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது.

அப்படியானால் சில காரணங்கள் எழுத்தைத் தொடாமலேயே நோயை வளர்க்கக்கூடும். எந்த வழியாக என்பதற்கு இன்று சொல்லப்படும் விடைகளில் ஒன்று அடுத்த பகுதியில் வருகிறது.

6. புள்ளி

பனையோலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பார்கள். மெய்க்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியர் காலத்து இலக்கணம். ஏட்டில் அது விடுபட்டது. படிப்பவர்தான் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 'கலவி' என்று ஓலையில் இருந்தால் அது கல்வியா, கலவியா? (மாணவர்கள் பக்கம் எழுந்த சிரிப்பை அச்சில் விட்டுவிடுகிறேன்.) எழுத்து மூன்றும் அதே எழுத்துதான். ஒரு புள்ளி வந்தால் லகரத்தின் உயிர் அடங்குகிறது; பொருள் தலைகீழாகிறது.

டி.என்.ஏ.விலும் அப்படி ஒரு புள்ளி உண்டு. நான்கு எழுத்தில் ஒன்றான சைட்டோசினின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளி விழக்கூடிய இடங்கள் நம் ஏட்டில் சுமார் 2 கோடியே 80 லட்சம். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தப் புள்ளிகள் அடர்ந்து விழுந்தால், அந்த மரபணு அடங்கிவிடும். எழுத்து ஒன்றும் மாறியிருக்காது. செல் இரண்டாகப் பிரியும்போது, பிரதி எடுக்கும் நொதி எழுத்தை மட்டும் எழுதுகிறது; பின்னாலேயே வரும் வேறொரு நொதி பழைய இழையைப் பார்த்துப் புள்ளியை வைத்துவிடுகிறது. இந்தப் புள்ளிகளையும், உருளைகளின் மேல் வைக்கும் அடையாளங்களையும் சேர்த்து எபிஜீனோம் என்கிறோம். வாடிங்டன் என்ற உயிரியலாளர் 1942-ல் இந்தச் சொற்குடும்பத்தைத் தொடங்கிவைத்தார். தமிழில் 'மேல்மரபியல்' என்று போடுகிறார்கள். மறுபடியும் 'மரபு'. செஞ்சிக்காரரின் மனைவி மறுபடியும் பயப்படுவார். 'புள்ளியியல்' என்று வைக்கலாம் என்றால், கணக்குத் துறைக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

செல் பிரிவதற்குத் தடை போடும் பி-16 என்ற மரபணு, தலை கழுத்துப் புற்றுநோய் உட்படப் பல கட்டிகளில் எழுத்துப் பிழை இல்லாமல், புள்ளியால் மட்டுமே அடக்கப்பட்டிருப்பதை 1995-ல் கண்டார்கள். அதற்கு முன்பு எழுத்தை மட்டும் படித்தவர்கள் 'பி-16 நன்றாக இருக்கிறது' என்று குறித்துவைத்திருப்பார்கள். 2015-ல் அமெரிக்கத் திட்டம் 279 தலை கழுத்துக் கட்டிகளைப் படித்தபோது இதற்கு நேர்மாறானதும் தெரிந்தது. என்எஸ்டி-1 என்ற மரபணு பழுதான கட்டிகளில், ஏடு முழுவதும் புள்ளிகள் உதிர்ந்து கிடந்தன. ஒரே ஓர் எழுத்துப் பிழை, ஆயிரம் புள்ளிப் பிழைகளுக்குக் காரணம். எழுத்தும் புள்ளியும் வேறு வேறு துறை என்று நாங்கள் ஆய்வகத்தில் அறை பிரித்துக்கொண்டது எவ்வளவு பேதைமை என்று அப்போது உறைத்தது.

ஆராய்ச்சியாளர்களை இந்தப் புள்ளி ஏன் இழுக்கிறது என்றால், எழுத்து மாறினால் திருத்துவது கடினம். புள்ளியை அழிக்க முடியும். அழிக்கும் மருந்தே இருக்கிறது. அசாசிட்டிடின் என்பது, எலும்பு மஜ்ஜையின் ஒரு நோய்க்கு 2004 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் கட்டியாக வளரும் வாய்ப் புற்றுநோயில் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. வேண்டாத புள்ளியை அழிக்கும்போது வேண்டிய புள்ளியும் அழியும். மரபணு பார்த்து மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எச்-ராஸ் பிழை உள்ள தலை கழுத்துப் புற்றுநோய்க்கு டிபிஃபார்னிப் என்ற மருந்தில் 2021-ல் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன. அவ்வளவே நல்ல செய்தி. வீட்டை அடகு வைத்துப் பல லட்சத்துக்கு மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு, அதில் வந்த தாளை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டியவர்கள் உண்டு. அறுவையும் கரண்டும் கீமோவும்தான் இன்னும் இந்த நோயின் முதன்மைச் சிகிச்சை. முதலில் அதை முழுசாக முடிக்க வேண்டும்.

7. முண்டியம்பாக்கத்திலிருந்து

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-ல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கியது. "முண்டியம்பாக்கம் போனோம், ஜிப்மருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்பது இந்த மாவட்டத்தில் நோயாளிகள் நாள்தோறும் சொல்கிற வாக்கியம். அங்கிருந்து, ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் புதுச்சேரி கோரிமேடு ஒரு பேருந்து தூரம். அந்தப் பேருந்தில் நோயாளி போகிறார். அவருடைய கட்டியின் மரபணு எந்த ஆய்வகத்துக்கும் போவதில்லை. காரணம் மிகச் சாதாரணம். நோய்க்குறியியல் துறையில் கட்டியை ஃபார்மலினில் போடுகிறார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும், சைட்டோசினை வேறு எழுத்தாகப் படிக்கவைக்கும். அதாவது ஏட்டைப் பாதுகாக்கப் போட்ட மருந்தே பாடபேதத்தை உண்டாக்கிவிடும். நல்ல ஆய்வுக்கு, வெட்டிய சில நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில் போட வேண்டும். ஒருமுறை நாங்களே ஒரு மாதிரியை உலர்பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஏற்றி அனுப்பினோம். சுங்கச்சாவடி நெரிசலில் வண்டி நின்றது, பெட்டி மூடி சரியாகப் பொருந்தவில்லை, வந்து சேர்ந்தபோது கூழ். ஒரு மனிதர் தன் உடம்பிலிருந்து தந்ததை நாங்கள் ஒரு மூடிக்காக வீணாக்கினோம்.

இந்த வட்டாரத்துக் கட்டிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறு உறைநிலைச் சேமிப்பு இங்கே வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். கல்யாணி ஆய்வில் படித்த 110 பேரும் இந்தியர்கள். ஆனால் நம்மூர் நெல் வயலில் வேலை செய்து, நம்மூர்ப் பாக்கை மென்று, நம்மூர்க் கடையில் குடித்தவரின் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று அதிலிருந்து தெரியாது.

அதுவரை? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 13 பகுதிகள். ஏறக்குறைய பாதியில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், மீதியில் பார்க்கவில்லை. 2005-ல் லான்செட்டில் வெளியான முடிவு: புகையிலையோ மதுவோ பழகியவர்களில், வாய் பார்க்கப்பட்ட பக்கத்தில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைவு. டார்ச் விலை உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், திறக்காத வாய்: பார்க்க வேண்டியது இவ்வளவுதான். உணவுக்குழாய்க்கு டார்ச் எட்டாது. அங்கே சோறு அடைப்பதுதான் முதல் தகவல். அது வந்த வாரமே டியூப் விட்டுப் பார்க்க வேண்டும். ஐயாவின் வீட்டில் மூன்று மாதம் வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் கொடுத்திருக்கிறார்கள்.

உரை முடிந்தபின் கேள்வி நேரத்தில் ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் எழுந்தார். முப்பது வருடம் திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் பீடியும் புகையிலையும் துணையாக ஓடியவர். நிறுத்தி ஆறு வருடமாகிறதாம். "நான் வச்ச புள்ளியெல்லாம் போயிடுமா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் திருத்தி இங்கே தருகிறேன். புகைப்பவர்களின் இரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவின் ஓரிடத்தில் புள்ளி குறைந்துபோவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நிறுத்தியவர்களிடம் அது மெல்ல மெல்லப் பழைய அளவை நோக்கித் திரும்புகிறது. சிலருக்குச் சில வருடம், சிலருக்குப் பத்து இருபது வருடம். இது இரத்தத்தில், புகைக்குக் கண்டது. கன்னத்தில் நார் இறுகியிருந்தால் அது பழையபடி இளகாது. டிபி-53-ல் விழுந்த எழுத்துப் பிழையும் போகாது. அந்தப் பிழையோடு இருக்கும் செல்லுக்குப் புதிதாக இன்னொரு பிழை சேராமல் இருப்பதற்கு, நிறுத்தியது உதவும். "வாயைத் திறந்து காட்டுங்க" என்றேன். மேடைக்குக் கீழே, கைப்பேசி விளக்கில் பார்த்தேன். மூன்று விரல் நன்றாக உள்ளே போனது. இடது கடைவாய்ப் பக்கம் ஒரு சிறு வெள்ளைத் திட்டு இருந்தது. வியாழக்கிழமை முண்டியம்பாக்கம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.